பாதி தீர்ந்த கட்டைகள்

அமெரிக்காவுக்கு வேலைக்குப் போன சுஹாஸ் முதல் தடவையாக ஊருக்கு வந்தபோது, அம்மாவுக்கென்று பெட்டியில் வைத்திருந்த சாமான்களில் ஒரு டார்ச்சும் இருந்தது. தொண்ணூற்றாறாம் வருஷம், டிசம்பர் மாதம். மந்தைவெளியில் அவர்கள் குடியிருந்த முதல் மாடி வீட்டுக் கூடத்தில் அதை எடுத்து நீரஜாவின் கையில் கொடுத்தான். கறுப்பு உலோகம், உள்ளங்கைக்குள் அடங்கிவிட்டது. அவளுக்கு முதலில் ஏமாற்றமாகத்தான் இருந்தது. இதற்கு நம் ஊர் மூணு கட்டை டார்ச் தேவலையே என்று நினைத்தாள். அந்த ஊர்ப் போலீஸ்காரர்கள் இடுப்பில் செருகிக்கொள்கிற டார்ச் அது என்றான் பிள்ளை. அறை விளக்கை அணைத்துவிட்டுப் பின்புறப் பொத்தானை அழுத்தச் சொன்னான். எதிர்ச்சுவர்க் காலண்டரில் இருந்த பெருமாளின் கிரீடத்துக் கற்கள் ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிந்தன. அவள் புருஷன் சுந்தரராமன் டார்ச்சை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்து, மூடியைத் திருகி, உள்ளே இருந்த குட்டையான பேட்டரிக் கட்டைகள் இரண்டையும் மேஜைமேல் உருட்டினார். ஒவ்வொன்றும் மூன்று வோல்ட், லித்தியம் கட்டை என்றதும் அவர் புருவம் உயர்ந்தது.

நீரஜாவுக்கு மாலைக்கண். சின்ன வயசில் அப்படித்தான் சொன்னார்கள். கீரை சாப்பிடு, ஈரல் எண்ணெய் குடி என்று ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். கல்யாணமாகிப் பல வருஷம் கழித்துத்தான் ஒரு கண் டாக்டர் சொட்டு மருந்து விட்டு உள்ளே பார்த்து, இது கீரையால் தீருகிற வியாதி இல்லை என்று சொன்னார். விழித்திரை ஓரத்திலிருந்து மெதுவாக உதிர்ந்துகொண்டே வருகிறது, மருந்து கிடையாது, நடுப்பார்வை கடைசி வரைக்கும் நிற்கலாம், நிற்காமலும் போகலாம். பகலில் அவள் புத்தகம் படிப்பாள், ஊசியில் நூல் கோப்பாள். ஆனால் பக்கத்தில் வந்து நிற்கிறவர்களைப் பார்க்கமாட்டாள். காலடியில் வைத்த டம்ளரை எற்றிவிடுவாள். பொழுது சாய்ந்துவிட்டால் விளக்குக் கம்பங்களின் பொட்டு வெளிச்சங்களைத் தவிர எல்லாம் மை.

இத்தனைக்கும் அவள் வேலை சாயங்கால வேலை. அடையாறு காந்தி நகரில் இரண்டு மூன்று வீடுகளில் பிள்ளைகளுக்கு ஹிந்திப் பரீட்சைக்குப் பாடம் சொல்லிக் கொடுத்துவிட்டு, பஸ் பிடித்து மந்தைவெளியில் இறங்கி, மார்க்கெட் ஓரமாக நடந்து வீடு சேரவேண்டும். அந்த நடைதான் அவளுக்குத் தினப்படி கண்டம். நின்றிருக்கும் சைக்கிள், படுத்திருக்கும் மாடு, மூடி இல்லாத சாக்கடை. வேலையை விட்டுவிடேன் என்று சுந்தரராமன் ஒருநாளும் சொன்னதில்லை. அது அவளுக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்பது அவருக்குத் தெரியும். ஆபீஸிலிருந்து சீக்கிரம் வரமுடிந்த நாட்களில் பஸ் ஸ்டாண்டுக்கு வந்து நிற்பார். வரமுடியாத நாட்களில் வாசலுக்கும் பால்கனிக்குமாக அலைவார்.

அதனால் அந்தக் குட்டி டார்ச் அந்த வீட்டுக்கு வந்தது ஒரு மனுஷத் துணை வந்த மாதிரி இருந்தது. முதல் நாள் அவள் தன்னந்தனியாக அதைப் பிடித்துக்கொண்டு மார்க்கெட்டைத் தாண்டி வந்தபோது, அவர் மேலேயிருந்து தெருக்கோடியில் அந்த வெள்ளை ஒளியைக் கண்டுபிடித்து, அது நெருங்கி வருகிற வரைக்கும் பார்த்துக்கொண்டே நின்றாராம். அன்று ராத்திரி சாப்பிடும்போது இதை அவரே சொன்னார். சொல்லிவிட்டுச் சட்டென்று ரசம் கேட்டார்.

சங்கடம் கட்டைகளில் வந்தது. அந்த வெளிச்சத்துக்கு அவை ஒரு மணி நேரம் தாங்கினால் அதிகம். பெட்டிக் கடையில் கிடைக்கிற சரக்கும் இல்லை. விலை உயர்ந்த காமிராவுக்குப் போடுகிறவை. மவுண்ட் ரோடில் ஒரு காமிராக் கடையில் மட்டும் வைத்திருந்தார்கள், அதுவும் சில மாதம் இருக்கும், சில மாதம் இருக்காது. சுந்தரராமன் ஆபீஸ் போகிற வழியில் அங்கே இறங்கி இறங்கிப் பார்ப்பது வழக்கமாயிற்று. நீரஜாவும் சிக்கனம் பிடித்தாள். வெளிச்சம் உள்ள இடத்தில் அணைத்து, இருட்டு வந்தால் போட்டு, தெரு விளக்குகளைக் கணக்குப் பண்ணி நடந்தாள்.

சுந்தரராமன் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் என்ஜினீயர். பேட்டரி ரூம் அவர் பொறுப்பு. ஆள் உயரத்துக்கு வரிசையாக நிற்கிற அமிலத் தொட்டிகளைப் பல வருஷமாகப் பார்த்துக்கொள்கிறவர். யானைக்குத் தீனி போடுகிறவனுக்கு எலிக்குப் போடத் தெரியாதா என்று சிரிப்பார். டார்ச் வெளிச்சம் லேசாக மங்கின உடனே, அவள் கேட்பதற்கு முன்னால், இரண்டு கட்டைகளையும் எடுத்துவிட்டுப் புதுசு போட்டுவிடுவார். எடுத்ததைத் தூக்கி எறிய மனசு வராது. மீட்டரை வைத்துப் பார்த்தால் அது இன்னும் மூன்று வோல்ட் காட்டும். மூன்று வோல்ட் இருக்கிறதை எப்படிக் குப்பையில் போடுவது? ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டுப் பரண்மேல் வைப்பார். பாட்டில் நிரம்பிக்கொண்டு வந்தது.

அவருக்குத் தெரியாத ஒன்று இருந்தது. நீரஜா அதைச் சொல்லவில்லை. சொல்லவேண்டும் என்று பலநாள் வாயெடுத்து, அவர் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டாள்.

டார்ச்சின் வெளிச்சம் குறையவில்லை. அவள் பார்வைதான் குறுகிக்கொண்டே வந்தது. முதல் வருஷம் வெளிச்ச வட்டம் முழுவதும் அவளுக்குத் தெரிந்தது. அடுத்த வருஷம் காலண்டரைச் சுருட்டிக் கண்ணில் வைத்துக்கொண்டு பார்க்கிற மாதிரி ஆயிற்று. தெருவையே பகலாக்குகிற அந்த ஒளியில் அவளுக்குக் கிடைத்தது ஒரு தட்டகலம் தரை. காலுக்கு நேரே பார்த்தால் எதிரே வருகிறவன் தெரியமாட்டான். எதிரே பார்த்தால் காலடிக் கல் தெரியாது. வெளிச்சம் கொட்டிக் கிடந்தது, அள்ளிக்கொள்ளக் கை இல்லை. தொண்ணூற்றெட்டாம் வருஷக் கோடையில் காந்தி நகரில் ஒரு வீட்டு வாசலில், டார்ச் எரிந்துகொண்டிருக்கும்போதே, தாழ்வாக நின்ற மோட்டார் சைக்கிள்மேல் மோதி விழுந்தாள். முழங்கை தோல் பெயர்ந்தது. பஸ்ஸில் ஏறும்போது உரசிவிட்டது என்று வீட்டில் சொன்னாள்.

பாடம் கற்கிற ஒரு பெண்ணின் அம்மா அன்றைக்கு அவளை உட்காரவைத்து மருந்து போட்டாள். பார்வை இல்லாதவர்களுக்கு நடக்கச் சொல்லிக் கொடுக்கிற இடம் ஒன்று இருக்கிறது, தன் மாமனாரை அங்கேதான் அழைத்துப் போனோம் என்று தயங்கித் தயங்கிச் சொன்னாள். நான் பார்வை இல்லாதவள் இல்லையே என்றாள் நீரஜா. சொல்லிவிட்டு வீடு வந்து சேர்ந்தபின் அந்தப் பதிலையே நினைத்துக்கொண்டிருந்தாள். ஒரு வாரம் கழித்து, விடைத்தாள் திருத்தப் போகிறேன் என்று பொய் சொல்லிவிட்டு அங்கே போனாள்.

அங்கே ஷீலா என்று ஒருத்தி சொல்லிக் கொடுத்தாள். சைதாப்பேட்டைக்காரி, முப்பது வயசிருக்கும், வெடுக்கென்று பேசுவாள். முதல் நாளே நீரஜாவின் கண்களைக் கறுப்புத் துணியால் கட்டி, கையில் மடக்குகிற வெள்ளைக் கோல் ஒன்றைக் கொடுத்து, நீளத் தாழ்வாரத்தில் நடக்கச் சொன்னாள். நீரஜா துணியின் இடுக்கு வழியாகப் பார்க்க முயன்றதைக் கவனித்துவிட்டு அருகில் வந்தாள்.

"கண்ணை நம்பாதீங்க மேடம். அது பாதி சொல்லும், பாதியை வுட்டுடும். கோலு அப்டி இல்ல, எதிர்ல இன்னா கீதுன்னு கரீட்டா சொல்லிடும்."

நீரஜாவுக்கு அழுகை வந்தது. கட்டின துணிக்குள்ளேயே அழுதாள். ஷீலா அதைக் கண்டுகொள்ளாத மாதிரி இருந்துவிட்டு, கொஞ்சம் பொறுத்து மறுபடி நடக்கச் சொன்னாள். வாரா வாரம் போகப் போக, நீரஜாவே எதிர்பார்க்காத ஒன்று நடந்தது. கண்ணைக் கட்டிக்கொண்டு நடப்பது அவளுக்கு இளைப்பாறுதலாக இருந்தது. கண்ணைச் சுழற்றிச் சுழற்றி ஒவ்வொரு துண்டாகப் பொறுக்கி ஒட்டிப் பார்த்த சிரமம் இல்லை. கோல் நுனி தட்டிச் சொன்னது; கால் நம்பிப் போயிற்று. ஷீலா அவளைத் தாழ்வாரத்திலிருந்து மைதானத்துக்கும், மைதானத்திலிருந்து சைதாப்பேட்டைக் கடைத்தெருவுக்கும் கொண்டுபோனாள். கற்றுக்கொண்டாள். ஆனால் தன் தெருவில் அந்தக் கோலை எடுக்க அவளுக்குத் தைரியம் வரவில்லை. மடக்கி, ஹிந்திப் புத்தகங்களுக்கு அடியில், பையிலேயே வைத்திருந்தாள். அக்கம்பக்கத்தில் பார்ப்பார்கள் என்பது ஒன்று. அதைவிட, கோலை எடுத்தால் டார்ச்சை வைத்துவிடவேண்டும். பரண்மேல் கட்டை சேர்க்கிற மனுஷரிடம் போய், இனிமேல் இது வேண்டாம் என்று எந்த வாயால் சொல்வது?

அந்த வருஷம் மழைக்காலத்துக்கு முன்னால் காமிராக் கடையில் சரக்கு அடியோடு நின்றுபோயிற்று. சுஹாஸுக்குக் கடிதம் போட்டார்கள். யாராவது வரும்போது கொடுத்தனுப்புகிறேன் என்று பதில் வந்தது. சுந்தரராமனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. தி. நகரில் கல்யாண வீடியோ எடுக்கிற அப்துல் கய்யூம் அவருக்குப் பழக்கம். புது வீடியோ காமிராக்களில் திரும்பத் திரும்பச் சார்ஜ் செய்கிற லித்தியம் பேட்டரி வருகிறது என்று கய்யூம் ஒருநாள் பேச்சுவாக்கில் சொல்லியிருந்தார். அதுவும் லித்தியம், இதுவும் லித்தியம். ஒரு ஞாயிற்றுக்கிழமை தி. நகருக்குப் போய், கய்யூமிடம் உடைந்துபோய்க் கிடந்த ஒரு பேட்டரிப் பொதியைச் சார்ஜரோடு கேட்டு வாங்கிக்கொண்டு வந்தார். அன்று மத்தியானம் முழுக்கக் கூடத்தில் உட்கார்ந்து, கத்தியால் அந்தப் பொதியைப் பிளந்தார். உள்ளே இரண்டு உருளைக் கட்டைகள். கிட்டத்தட்ட அதே பருமன், அதே உயரம். அவர் முகத்தில் வந்த சந்தோஷத்தை நீரஜா நேருக்கு நேர் பார்த்ததால் முழுசாகவே பார்த்தாள்.

இரண்டையும் சார்ஜ் பண்ணி டார்ச்சில் போட்டார். பொத்தானை அழுத்தினதும் நீலமாக ஒரு மின்னல். அவ்வளவுதான், பல்பு போய்விட்டது. மீட்டரை வைத்துப் பார்த்தார். ஒவ்வொன்றும் நான்கு வோல்ட்டுக்கு மேல். ஆறு வோல்ட் பல்புக்கு எட்டுக்கு மேல் கொடுத்திருக்கிறோம் என்று நெற்றியில் அடித்துக்கொண்டார். நல்லவேளையாக சுஹாஸ் ஒரு பல்பு உபரியாக வைத்துவிட்டுப் போயிருந்தான். அதை மாட்டிவிட்டுக் கன்னத்தில் கைவைத்து யோசித்தார். பிறகு பரணிலிருந்து ஹார்லிக்ஸ் பாட்டிலை இறக்கினார். பழைய கட்டைகளை ஒவ்வொன்றாக மீட்டரில் வைத்து, முழுசாக மூன்று வோல்ட் காட்டினதாகப் பார்த்து ஒன்றைப் பொறுக்கினார். சார்ஜ் செய்த கட்டை ஒன்று, பாட்டில் கட்டை ஒன்று. கூட்டினால் ஏழு சொச்சம், பல்பு தாங்கும்.

டார்ச் எரிந்தது. முன்னைவிட வெள்ளையாக, முன்னைவிடப் பிரகாசமாக எரிந்தது.

"எப்படி, சரியா இருக்கா?" என்று கேட்டார்.

"ரொம்ப நன்னா இருக்கு," என்றாள் நீரஜா.

தீபாவளி கழிந்து பத்துப் பதினைந்து நாள் இருக்கும். நாளெல்லாம் மழை பெய்து சாயங்காலம் வெறித்திருந்தது. நீரஜா பஸ்ஸைவிட்டு இறங்கினபோது மந்தைவெளி முழுக்கக் கரண்ட் இல்லை. ஒரு கம்பத்திலும் பொட்டு வெளிச்சம் கிடையாது. மார்க்கெட்டில் இரண்டொரு மெழுகுவர்த்திகள் மட்டும் மினுங்கின. அவள் டார்ச்சைப் போட்டுக்கொண்டு, ஓரமாக, தேங்கின தண்ணீரில் செருப்பு சளப் சளப்பென்று அடிக்க நடந்தாள்.

வழக்கமாக அணைத்து அணைத்துப் போடுகிற டார்ச்சை அன்று அணைக்க இடமே இருக்கவில்லை. மார்க்கெட் மூலை திரும்பும்போது அது கையில் சுட்டது. கொஞ்சம் சூடாவது வழக்கம்தான். இது வேறு மாதிரி இருந்தது. அடுப்பிலிருந்து இறக்கின டம்ளரைப் பிடித்த மாதிரி. வெளிச்சம் வெள்ளையிலிருந்து மஞ்சளாகி, மஞ்சளிலிருந்து செங்கல் நிறமாயிற்று. அணைத்தாள். அணைத்த பிறகும் சூடு ஏறிக்கொண்டே போயிற்று. புடவைத் தலைப்பைச் சுற்றிப் பிடித்துப் பார்த்தாள். தலைப்பையும் மீறிச் சுட்டது. கையை உதறினாள். டார்ச் தரையில் விழுந்து உருண்டது. அடுத்த நிமிஷம் உஸ்ஸென்று ஒரு சீறல், தொடர்ந்து பட்டென்று ஒரு வெடிச்சத்தம். மூக்குக்குள் ஊசி இறங்குகிற மாதிரி ஒரு புகை நாற்றம் வந்தது. வாயைப் பொத்திக்கொண்டு பின்னால் நகர்ந்தாள்.

பிறகு ஒன்றும் இல்லை. இருட்டு. எந்தப் பக்கம் திரும்பி நிற்கிறோம் என்பதுகூட அவளுக்குத் தெரியவில்லை.

"இன்னாமா, யார் வெடி வுட்டது?" என்று பக்கத்திலிருந்து ஒரு குரல் கேட்டது. கீரைக்காரி முனியம்மாள். நீரஜா தினமும் அவளிடம் வாங்குகிறவள். குரலிலேயே அடையாளம் தெரிந்தது.

வெடி இல்லை, டார்ச் என்றாள் நீரஜா. எல்லாரையும் தள்ளி நிற்கச் சொல், அந்தப் புகையை மோக்காதீர்கள் என்றும் சொன்னாள். முனியம்மாள் இரண்டு பேரை அதட்டி ஒதுக்கினாள். பிறகு நீரஜாவின் கையைத் தொட்டாள். தொட்ட இடம் உள்ளங்கை. நீரஜா ஸ் என்று இழுத்துக்கொண்டாள்.

"தீஞ்சி போச்சா? அய்ய. வா, நா இட்டுகினு போய் வுட்றேன். ரோடு வேற தோண்டிப் போட்டுகிறானுங்கோ."

நீரஜாவுக்குச் சரி என்று சொல்லத்தான் வந்தது. ஆனால் முனியம்மாளின் கூடை, படுதா, அளந்து வைத்த கீரைக்கட்டு எல்லாம் அந்த ஈரத்தில் கிடந்தன. அதோடு இன்னொரு நினைப்பும் வந்தது. இன்றைக்கு இவள் இருக்கிறாள். நாளைக்கு?

"பள்ளம் எந்தப் பக்கம்னு மட்டும் சொல்லு முனியம்மா," என்றாள். பையில் கைவிட்டுப் புத்தகங்களுக்கு அடியிலிருந்து கோலை எடுத்து உதறினாள். மடிப்புகள் டக் டக் டக்கென்று நேராகிப் பூட்டிக்கொண்டன.

முனியம்மாள் கோலைப் பார்த்தாள். அப்புறம் அவள் குரல் இறங்கியிருந்தது. பள்ளம் வலது கைப்பக்கம், மாவு மில் வரைக்கும் போகிறது, இடது சுவரை ஒட்டிப் போ என்றாள். போகிறவரைக்கும் தான் இங்கே நின்று கேட்டுக்கொண்டிருப்பதாகவும் சொன்னாள்.

நீரஜா நடந்தாள். எரிகிற வலது கையை மார்போடு சேர்த்துக்கொண்டு இடது கையில் கோலைப் பிடித்ததால் முதலில் தடுமாறிற்று. சுவர் தட்டுப்பட்டது. பிறகு ஒரு வாசற்படி, ஒரு கம்பம், நிறுத்தின ஸ்கூட்டரின் சக்கரம். ஒவ்வொன்றையும் கோல் முன்கூட்டியே சொல்லிற்று. இத்தனை வருஷம் நடந்த தெரு, இப்போதுதான் முழுசாக அவளுக்கு வந்த மாதிரி இருந்தது. மாவு மில்லின் வாசனை வந்தது. பள்ளம் முடிந்தது. எந்தப் பக்கம் அவள் வீடு என்பதில் சந்தேகமே இல்லை. பயம் எங்கே போயிற்று என்று அவளுக்கே ஆச்சரியம்.

எதிரிலிருந்து ஓட்டமும் நடையுமாக ஒருவர் வருகிற சத்தம் கேட்டது. அந்தச் செருப்புச் சத்தம் யாருடையது என்று அவளுக்குத் தெரியும். கோலை மடக்கி உள்ளே வைக்க நேரம் இருந்தது. அவள் வைக்கவில்லை. மூணு கட்டை டார்ச்சின் மஞ்சள் ஒளி அவள்மேல் விழுந்தது; விழுந்து, முகத்திலிருந்து கைக்கு இறங்கி, கோல் வழியாகத் தரைக்குப் போய், அங்கேயே நின்றது.

"நீரஜா," என்றார் சுந்தரராமன்.

"டார்ச் வெடிச்சுடுத்துன்னா. கையில லேசா சுட்டிருக்கு. வேற ஒண்ணும் இல்லை. ஆத்துக்குப் போய்ப் பேசலாம்."

வீட்டில் மெழுகுவர்த்தி வைத்து, குழாயடியில் அவள் கையை நீட்டிப் பிடித்து நெடுநேரம் தண்ணீர் விட்டார். கட்டைகள் வெடித்ததைக் கேட்டுத் தெரிந்துகொண்டபின், எக்ஸ்சேஞ்சில் எவனாவது ஒரே வரிசையில் பழசையும் புதுசையும் கலந்து போட்டால் நானே மெமோ கொடுப்பேனே, என் வீட்டுக்குள் நானே பண்ணியிருக்கிறேனே என்று புலம்பினார். மீட்டர் மூன்று வோல்ட் காட்டிற்று. ஆனால் உள்ளே சத்து இல்லை. அது தீர்ந்துபோன பிறகும் பக்கத்துக் கட்டை விடாமல் தள்ளிக்கொண்டே இருந்திருக்கிறது. தீர்ந்ததன் வயிற்றுக்குள் கரண்ட் தலைகீழாகப் பாய்ந்திருக்கிறது. ஒன்று தூக்கி எறிய வேண்டிய ஜாதி, ஒன்று சார்ஜ் பண்ணுகிற ஜாதி. இரண்டையும் ஒரு குழாயில் போட்டு மூடி, தண்ணீர் போகாமல் ரப்பர் வளையம் வேறு. புகை போக வழி ஏது? அவள் இன்னும் கொஞ்சம் பிடித்துக்கொண்டிருந்தால் விரல் இருந்திருக்குமா?

"வேற பல்பு போட்டு, ரெண்டையும் சார்ஜ் பண்ற கட்டையாவே..." என்று ஆரம்பித்தார். நடுவிலேயே நிறுத்திக்கொண்டார். மேஜைமேல் அந்தக் கோல் இருந்தது.

நீரஜா அப்போதுதான் சொன்னாள். மோட்டார் சைக்கிளில் விழுந்தது, விடைத்தாள் பொய், ஷீலா, கறுப்புத் துணி, எல்லாம்.

"வெளிச்சம் போறலைன்னு நீங்க தேடித் தேடி அலைஞ்சேள். எனக்கு வெளிச்சம் நிறையவே இருந்தது. பார்க்கறதுக்குத்தான் எடம் இல்லை. உங்க கிட்டச் சொல்ல மனசு வரலை."

சுந்தரராமன் மெழுகுவர்த்தியை அவள் பக்கம் நகர்த்தி வைத்து, "எவ்வளவு தெரியறது இப்போ?" என்று கேட்டார். இத்தனை வருஷத்தில் இந்தக் கேள்வியை அவர் நேராகக் கேட்டது இதுதான் முதல் தடவை. அவள் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் அவர் முகத்துக்கு நேரே கையை நீட்டி, ஆள்காட்டி விரலால் காற்றில் ஒரு வட்டம் போட்டுக் காட்டினாள். அவருடைய மூக்கும் ஒரு கண்ணும் அதற்குள் அடங்கின.

மறுநாள் சுந்தரராமன் பரணிலிருந்த பாட்டிலை இறக்கி எடுத்துக்கொண்டு போனார். எங்கே கொண்டுபோய் ஒழித்தார் என்று சொல்லவில்லை. நீரஜா கையில் கட்டுப் போட்டுக்கொண்டு, கோலோடு, தன்பாட்டுக்குப் பாடத்துக்குப் போய்வந்தாள். தெருவில் பார்த்தார்கள்தான். ஒருத்தி வழியில் நிறுத்தி, ஐயோ எப்போலேர்ந்து என்று உருகினாள்; பிறந்ததுலேர்ந்து என்று பதில் சொல்லிவிட்டு நடந்தாள். எதிர்வீட்டு மாமா, நாம் சிரித்தால் இந்த அம்மாள் திரும்பிச் சிரிக்கமாட்டாளே, கர்வம் என்று நினைத்திருந்தோமே என்று தன் மனைவியிடம் சொன்னாராம். அதுவும் காதுக்கு வந்தது.

பிறகு ஒரு புதன்கிழமை, அவள் ஷீலாவிடம் போகக் கிளம்புகிற நேரத்தில், சுந்தரராமன் சட்டை மாட்டிக்கொண்டு நின்றார். நானும் வருகிறேன் என்றார். ஷீலா அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, சார் எதுக்கு வந்தீங்க என்று கேட்டாள். நான் என்ன பண்ணணும்னு சொல்லுங்கோ, பண்றேன் என்றார் அவர், பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி.

"பெருசா ஒண்ணும் இல்ல சார். அவங்களை நீங்க புடிக்காதீங்க. அவங்க உங்க முழங்கையைப் புடிக்கட்டும். நீங்க அரை அடி முன்னால போங்க, அவ்ளோதான்."

அது அவ்வளவு சுலபமாக வரவில்லை. படி வந்தால் அவர் தன்னை அறியாமல் அவள் தோளைப் பிடித்துத் தூக்கப் போவார். கதவு வந்தால் முதலில் அவளைத் தள்ளிவிடுவார். ஷீலா அவர் கண்ணையும் கட்டி, நீரஜாவின் முழங்கையைப் பிடித்துக்கொண்டு நடக்கச் சொன்னாள். பத்தடி போவதற்குள் அவருக்கு வேர்த்துவிட்டது. வீடு திரும்பும்போது, இப்படித்தான் நீ தினம் வந்தாயா என்று கேட்டார்.

தை மாதத்தில் தி. நகரில் ஒரு கல்யாண மண்டபத்தில் அவர் ஆபீஸ் நண்பர் ஸ்ரீவத்சனின் பெண்ணுக்கு ரிசப்ஷன். சாயங்கால விசேஷங்களுக்கு நீரஜா போய்ப் பல வருஷமாயிற்று. தலைவலி, ஜுரம் என்று ஏதாவது சாக்கு இருக்கும். இந்தத் தடவை பட்டுப் புடவை கட்டிக்கொண்டு கிளம்பினாள். மண்டபத்து வாசலிலிருந்தே சுந்தரராமன் ஆரம்பித்துவிட்டார். படி, இன்னொரு படி, கம்பளம், இந்தப் பக்கம் ஒரு குழந்தை, அங்கே ஒரு ஜோடிச் செருப்பு. செருப்பையெல்லாம் சொல்லவேண்டாம் என்றாள் நீரஜா. ஸ்ரீவத்சன் எதிரே வந்து, மன்னிக்கு உடம்பு சரியில்லையா, பிடித்துக்கொண்டு வருகிறீர்களே என்று கேட்டார். சுந்தரராமனின் முழங்கை விறைத்ததை நீரஜா விரல்களில் உணர்ந்தாள். அவர் என்ன சொல்லி மழுப்பப் போகிறார் என்று காத்திருந்தாள்.

"உடம்பெல்லாம் நன்னா இருக்கு. சாயங்காலம் ஆனா அவளுக்குக் கண் தெரியாது," என்றார் அவர், சாதாரணக் குரலில்.

பந்தியில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். பரிமாறினபின் அவர் குனிந்து, உப்பு இடது மூலையில், அதற்குப் பக்கத்தில் ஊறுகாய், அப்புறம் பச்சடி என்று காதோடு ஒப்பிக்க ஆரம்பித்தார்.

"இலையில எது எங்க விழும்னு எனக்குத் தெரியாதாக்கும்?" என்றாள் நீரஜா. "நீங்க சாப்பிடுங்கோ, ஆறிடப் போறது."